உடைந்த குவளை யார் கணக்கில்? கண்ணாடிக் கலன் ஏற்றுமதி, இறக்குமதி: வாசகர் கேள்வி பதில்

கண்ணாடிக் குவளை, ஜாடி, கிண்ணம், ஆய்வகக் கலன் ஆகியவற்றை நாடு விட்டு நாடு அனுப்பும் பணி குறித்து வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை, எங்கே தொடங்கினாலும், உடைந்துபோன சரக்கின் நட்டம் யாரைச் சேரும் என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பல ஆண்டுகள் இதே தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பில்லை.

கேள்வி: வணிகவியல் படித்து முடித்திருக்கிறேன். கண்ணாடிக் கலன்களை வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்று ஏற்றுமதி இறக்குமதி நிபுணர் பணிக்கு என்னை அழைத்திருக்கிறது. அது வெறும் ஆவண வேலை என்கிறார்கள் நண்பர்கள். நான் கண்ணாடியைப் பற்றியும் கற்க வேண்டுமா?

கட்டாயம் கற்க வேண்டும். நாள்தோறும் உங்கள் மேசைக்கு வருபவை கொள்முதல் ஆணை, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), பிறப்பிடச் சான்று, காப்பீட்டுச் சான்று, வங்கியின் எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஆகியவையே. ஆனால் அவற்றில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளைக் குறிக்கிறது. அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காதவர் எழுதும் ஆவணம் எங்கேனும் ஓரிடத்தில் பிழைபட்டே தீரும்.

ஆகவே முதல் மாதத்தில் கிடங்குக்குச் சென்று ஒரு குவளையை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்லச் சுழற்றிப் பாருங்கள். உள்ளே தெரியும் சிறு குமிழி பெரும்பாலும் தோற்றக் குறைதான். ஊசிமுனை அளவில் வெண்புள்ளியாகத் தெரிவது வேறு: அது உலையில் உருகாமல் நின்றுவிட்ட துகள், தொழிலில் அதைக் 'கல்' என்போம். கல்லும் அதைச் சூழ்ந்த கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் அந்த இடத்தில் இறுக்கம் தங்கிவிடுகிறது. பிறகு சூடு பட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அடுத்து விரல் நுனியை வாய்விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணுக்குப் படாத சில்லு விரலுக்குப் படும்.

கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத குறையும் ஒன்று உண்டு. வார்க்கப்பட்ட கலனை ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்துப் படிப்படியாக ஆறவிட வேண்டும். அவசரத்தில் விரைவாக ஆற்றப்பட்ட குவளை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே தங்கிய இறுக்கத்தால் ஒரு சிறு தட்டலுக்கே நொறுங்கும், சில வேளைகளில் யாரும் தொடாமலே பிளக்கும். போலரிஸ்கோப் என்னும் கருவியில் வைத்தால் அந்த இறுக்கம் நிறப் பட்டைகளாகத் தெரிந்துவிடும். தொழிற்சாலையில் அந்தக் கருவி இருக்கிறதா, அதைத் தினமும் பயன்படுத்துகிறார்களா என்று கேட்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி.

இவை தெரிந்திருந்தால்தான் ஒப்பந்தத்தில் தரப் பிரிவை ஒழுங்காக எழுத முடியும். பெரும்பாலானோர் ஐ.எஸ்.ஓ. 2859-1 தரநிலையின் மாதிரி எடுக்கும் அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள். 10,001 முதல் 35,000 வரையிலான எண்ணிக்கைக்கு, வழக்கமான இரண்டாம் சோதனை நிலையில், 315 கலன்களை எடுத்துச் சோதிக்க வேண்டும், பெருங்குறைகளுக்கு 2.5 என்ற ஏற்பு வரம்பு (ஏ.க்யூ.எல். எனப்படும் தர அளவு) வைத்திருந்தால் 14 குறைக் கலன்கள் வரை சரக்கு தேறும், 15 வந்தால் தள்ளப்படும். எண்ணிக்கையை அட்டவணை சொல்லிவிடும். எது பெருங்குறை, எது சிறு குறை என்பதை அது சொல்லாது. கல்லும் விளிம்புச் சில்லும் பெருங்குறை என்று நீங்கள்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சோதனையாளர் ஒரு விதமாகவும் தொழிற்சாலை வேறு விதமாகவும் எண்ணுவார்கள்.

கேள்வி: அடுப்பில் வைக்கத்தக்க கண்ணாடிக் கிண்ணங்களை இறக்குமதி செய்தோம். நாங்கள் குறிப்பிட்ட எச்.எஸ். குறியீட்டை (சரக்கின் வகையைக் காட்டும் சுங்க எண்) சுங்க அதிகாரி ஏற்காமல் வேறொன்றின் கீழ் சேர்த்துவிட்டார். கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். வகைப்பாடு 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கண்ணாடிக்கு உரியது 70ஆம் அத்தியாயம். மேசை, சமையலறை, அலங்காரப் பயன்பாட்டுக் கலன்களுக்கு உரியது 7013 என்ற தலைப்பு. அதற்குள்ளேயே தண்டுடன் கூடிய கோப்பை, பிற குவளை, சமையலறைக் கலன் என்றும், அவற்றுள் ஈயப் படிகம், மற்றவை என்றும் பிரிவுகள் உண்டு.

உங்கள் சிக்கல் 7013.42, 7013.49 ஆகிய இரண்டுக்கும் நடுவே எழுந்திருக்க வேண்டும். மேசை, சமையலறைக் கலன்களில், வெப்பத்தில் விரிவு குறைந்த கண்ணாடிக்கு முன்னது; எஞ்சியவற்றுக்குப் பின்னது. எல்லைக் கோடு எண்ணாலேயே வரையப்பட்டுள்ளது: 0 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையில், ஒரு டிகிரிக்கு நீள விரிவு பத்து லட்சத்தில் 5 பங்கைத் தாண்டக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 3585 குறிப்பிடும் போரோசிலிக்கேட் கண்ணாடியின் விரிவு 3.3, சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடியின் விரிவு ஏறத்தாழ 9. சோடா சுண்ணாம்புக் கண்ணாடியையே உறுதியூட்டி, 'அடுப்புக்கு ஏற்றது' என்று அட்டையில் அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சு சுங்கத்துக்குச் சான்றாகாது. விரிவு எண்ணைக் காட்டும் ஆய்வகச் சான்றுதான் சான்று. கிண்ணம் எந்தக் கண்ணாடி என்று உற்பத்தியாளரிடம் கேட்டு, அந்தச் சான்றைக் கப்பல் புறப்படும் முன்பே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இத்துறையில் புதிதாக வருபவர்கள் இடறும் வேறு சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சரக்கை அடைத்து அனுப்பும் புட்டியும், பதப்படுத்தி வைக்கும் ஜாடியும் 7010. ஆய்வகக் கலன்கள், அளவுக்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 7017. கண்ணாடியால் ஆன கிறிஸ்துமஸ் மர அலங்காரம் 70ஆம் அத்தியாயத்திலேயே இல்லை, அது 9505. முழுமையான வெற்றிடக் குடுவை 9617, ஆனால் அதன் உட்புறக் கண்ணாடி மட்டும் தனியே வந்தால் 7020. ஐயம் இருந்தால் பல நாடுகளின் சுங்கத்துறைகள் சரக்கு வருமுன்பே எழுத்து மூலம் தீர்ப்பு வழங்குகின்றன; அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

கேள்வி: சி.ஐ.எஃப். விலையில் (பொருள், காப்பீடு, கப்பல் கட்டணம் சேர்ந்த விலை) குவளைகள் வாங்கினேன். விற்றவரே காப்பீடு எடுத்திருந்தார். கன்டெய்னரைத் திறந்தபோது மூன்றில் ஒரு பங்கு உடைந்திருந்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது. விற்றவரோ தம் பொறுப்பு முடிந்துவிட்டது என்கிறார். இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்களா?

உங்கள் கடிதத்தை வருத்தத்தோடு படித்தேன். ஏனெனில் இதே அடியைப் பணியின் தொடக்கக் காலத்தில் நானும் வாங்கியிருக்கிறேன். அன்று பெட்டகத்தின் (கன்டெய்னர்) கதவைத் திறந்து முன்வரிசை அட்டைப்பெட்டி ஒன்றைச் சாய்த்தபோது, உள்ளே மணல் சரிவதைப் போன்ற ஒலி கேட்டது. முழுக் குவளைகள் ஒன்றோடொன்று தட்டும் ஒலி வேறு, தூளான கண்ணாடி சரியும் ஒலி வேறு. ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது. கையில் காப்பீட்டுச் சான்று இருந்ததால் நான் கலங்கவில்லை. அந்தச் சான்றில் 'சி' என்றிருந்த ஒற்றை எழுத்தின் பொருள் எனக்கு அதன் பிறகே தெரிந்தது.

சரக்குக் காப்பீட்டில் உலகெங்கும் பெரிதும் பயன்படுபவை லண்டன் சந்தையின் ஏ, பி, சி என்ற மூன்று வகை நிபந்தனைத் தொகுப்புகள். இப்போதைய வடிவம் 2009ஆம் ஆண்டுக்குரியது. 'ஏ' வகை, விலக்குகளாகக் குறிப்பிடப்பட்டவை நீங்கலாக எல்லா இழப்புக்கும் பொறுப்பேற்கிறது. 'சி' வகையோ தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டல், மூழ்கல், மோதல், வண்டி கவிழ்தல் போன்ற பெரும் விபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. கையாளும்போது பெட்டி அதிர்ந்து குவளை உடைவது அந்தப் பட்டியலில் இல்லை.

இனி உங்கள் ஒப்பந்தத்தைப் பாருங்கள். விற்பவர், வாங்குபவர் கடமைகளைப் பிரித்துச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் குறைந்த அளவாக 'சி' வகைக் காப்பீடு எடுத்தாலே அவர் கடமை முடிகிறது. சி.ஐ.பி. முறையில் (போக்குவரத்துக் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவர் ஏற்கும் இன்னொரு முறை) மட்டுமே 'ஏ' வகை கட்டாயம். அதோடு, சி.ஐ.எஃப். முறையில் சேருமிடத் துறைமுகம் வரையிலான கப்பல் கட்டணத்தை விற்பவர் செலுத்தினாலும், சரக்கின் மீதான இடர் ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவுடனேயே உங்களுக்கு மாறிவிடுகிறது. ஆகவே கடலில் உடைந்த குவளை உங்களுடையது. அதற்கு எடுக்கப்பட்ட காப்பீடோ உடைவதற்குப் பொறுப்பேற்காத காப்பீடு. இருவரும் உங்களை ஏமாற்றவில்லை. கண்ணாடிக்குப் பொருந்தாத ஒரு நிபந்தனையில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

இன்னும் வழி அடைபட்டுவிடவில்லை. முதலாவது, குவளைகள் எப்படி உடைந்தன என்று பாருங்கள். கதவருகே உள்ள பெட்டிகள் மட்டும் நசுங்கியிருந்தால் சரக்கு அடுக்கியதில் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. அடிவரிசைகள் மட்டும் நொறுங்கியிருந்தால் அட்டையால் மேல்வரிசைகளின் எடையைத் தாங்க முடியவில்லை. வெளிப்பெட்டி பழுதின்றி இருந்தும் உள்ளே எல்லாம் உடைந்திருந்தால் குவளைகளைப் பிரிக்கும் அறைத் தடுப்புகள் போதவில்லை. இவை மூன்றும், பெட்டகத்தை அவரே நிரப்பிப் பூட்டியிருந்தால், விற்றவரின் கணக்கில் சேர வேண்டியவை. இடர் மாறுவதற்கு முன்பே இருந்த குறைக்கு அவர் பொறுப்பாவார். பெட்டகத்தின் சுவரே உள்வாங்கியிருந்தால் கேள்வி கப்பல் நிறுவனத்தை நோக்கிப் போகிறது.

இரண்டாவது, நாள் கணக்கு. கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் பயணமாயின், வெளிப்படையாகத் தெரியும் சேதத்தைச் சரக்கைப் பெறும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாள். வழக்குத் தொடர ஓராண்டு. அதே விதிகளில் இழப்பீட்டின் உச்சவரம்பு, ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது ஒரு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. பில் ஆஃப் லேடிங்கில் '930 அட்டைப்பெட்டிகள்' என்று எழுதியிருந்தால் பொதிகள் 930. 'ஒரு கன்டெய்னர்' என்று மட்டும் எழுதியிருந்தால் முழுப் பெட்டகமும் ஒரே பொதியாகிவிடும். அந்த ஒரு வரியை எழுதுபவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இளையவராக இருப்பார். அவரிடம் அதன் மதிப்பை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, எதையும் குப்பையில் போடாதீர்கள். முத்திரை எண், கதவைத் திறந்ததும் தெரிந்த காட்சி, ஒவ்வொரு வரிசையையும் இறக்கும்போதான நிலை ஆகியவற்றின் படங்கள், நேரத்தோடு, வேண்டும். காப்பீட்டு ஆய்வாளர் பார்க்கும் வரை உடைந்த குவளைகள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்த முறைக்கு ஒரு சொல். 'ஏ' வகை எடுத்தாலும் போதாத பொதிகட்டலால் வரும் இழப்பு அதில் பொதுவாக விலக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடிச் சரக்கென்றால் சில நிறுவனங்கள் உடைதலையே தனி விலக்காகச் சேர்க்கின்றன, அல்லது குறிப்பிட்ட விழுக்காடு வரையிலான உடைதலை உங்கள் தலையில் வைக்கின்றன. பாலிசியை வாங்கும் நாளில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். முடிந்தால் எஃப்.சி.ஏ. முறையில் (நீங்கள் அமர்த்தும் போக்குவரத்து நிறுவனத்திடம் விற்பவர் சரக்கை ஒப்படைப்பது) வாங்கி, காப்பீட்டை நீங்களே எடுங்கள். பெட்டகச் சரக்குக்கு, விற்பவர் கப்பலில் ஏற்றித் தரும் எஃப்.ஓ.பி.யை விட அதுவே பொருத்தம்.

கேள்வி: எங்களுக்கு வந்த குவளைகள் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் பலவற்றில் பால் படிந்தாற்போல் மங்கல் இருக்கிறது. கழுவினாலும் போகவில்லை.

ஈரம் செய்த வேலை இது. பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டகத்தின் கூரையில் நீர் கோத்துச் சொட்டுகிறது. அடுக்கி வைத்த குவளைகளுக்கு நடுவிலும் படிகிறது. அந்த நீர் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியத்தை இழுத்துக்கொண்டு காரமாகிறது. உலர வழியில்லாமல் அங்கேயே நின்றால், அந்தக் காரம் சிலிக்காவையே அரிக்கத் தொடங்கும். தொடக்க நிலையில் நீர்த்த வினிகரால் துடைத்தால் மங்கல் போய்விடும். கட்டைவிரலை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள்: ஈரமாக இருக்கும்போது தெளிந்து, உலர்ந்ததும் மீண்டும் வெளுத்தால் மேற்பரப்பு அரிபட்டுவிட்டது என்று கொள்ளலாம், அதற்கு மருந்தில்லை.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது எல்லோரும் கூரையையே பார்க்கிறார்கள். நான் மரப்பலகைத் தட்டுகளைப் பார்க்கச் சொல்வேன். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்ற, மரப் பொதிகளுக்கான பன்னாட்டு ஐ.எஸ்.பி.எம். 15 விதி பூச்சிகளைக் கொல்வதற்கானது. அந்த விதிப்படி மரத்தில் இடப்படும் முத்திரை இருப்பதால் மரம் உலர்ந்தது என்று பொருளில்லை. ஈர அளவை மானியால் குத்திப் பார்த்து, 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தட்டுகளைத் திருப்பி அனுப்புங்கள். பெட்டகத்துக்குள் கால்சியம் குளோரைடு உலர்த்திப் பைகளைத் தொங்கவிடுவதும் உதவும்.

கேள்வி: எல்.சி.யில் 24,000 குவளைகள் என்று இருந்தது. ஏற்றும்போது சில உடைந்ததால் 23,900 மட்டுமே அனுப்பினோம். 5 விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்று நினைத்தோம். வங்கி பிழை காட்டுகிறது.

வங்கி செய்தது சரி. எல்.சி.களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யு.சி.பி. 600 விதிகளின் 30ஆம் பிரிவு அந்த 5 விழுக்காட்டுச் சலுகையைத் தருகிறது. ஆனால் அளவு, பொதிகளாகவோ தனிப் பொருள்களாகவோ எண்ணிக் குறிப்பிடப்பட்டிருந்தால் சலுகை இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. எடைக் கணக்கில் போகும் சரக்குக்கு அது உதவும், எண்ணிக்கையில் போகும் குவளைக்கு உதவாது. எல்.சி. திறக்கும்போதே 'எண்ணிக்கையிலும் தொகையிலும் 5 விழுக்காடு கூடக் குறைய' என்று எழுதச் சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு, வாங்குபவரிடம் பேசி அவர் இசைவைப் பெறுவதே வழி.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பொதிகட்டுதலைத் தொழிற்சாலையின் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். நிபுணராக நான் அதில் தலையிடலாமா? மேலாளர், கப்பல் கட்டணத்தைப் பேசிக் குறைப்பதே என் வேலை என்கிறார்.

தலையிடுங்கள், அம்மா. கப்பல் கட்டணத்தைப் பேசிக் குறைப்பதைவிடப் பெட்டியை அளந்து குறைப்பதில் மிச்சம் அதிகம். குவளைகள் உள்ளீடற்றவை என்பதால் பெட்டகம் எடையால் நிறைவதற்கு முன்பே இடத்தால் நிறைந்துவிடுகிறது. 48 குவளைகள் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி 40, 30, 25 சென்டிமீட்டர் அளவில் இருப்பதாகக் கொள்ளுங்கள். 20 அடிப் பெட்டகத்தின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர்; நடைமுறையில் 28 கன மீட்டரை நிரப்ப முடிந்தால் சுமார் 930 பெட்டிகள் போகும். பெட்டி ஒன்று 11 கிலோ என்றால் மொத்தம் 10 டன் சொச்சம். பெட்டகமோ 28 டன் வரை தாங்கும். இனி, பெட்டியின் உயரத்தை 2 சென்டிமீட்டர் குறைக்க முடிந்தால் 80க்கும் மேற்பட்ட பெட்டிகள், அதாவது ஏறத்தாழ 4,000 குவளைகள், அதே கட்டணத்தில் கூடுதலாகப் போகும்.

எங்கிருந்து அந்த 2 சென்டிமீட்டரை எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே உள்ள தட்டை அட்டையையோ, அறைத் தடுப்பின் தடிமனையோ குறைத்தால், முந்தைய பதிலில் எழுதிய மணல் ஒலியை நீங்களும் கேட்பீர்கள். தடுப்பு, குவளையின் விளிம்பை விடச் சற்றேனும் உயர்ந்திருக்க வேண்டும். மேலடுக்கின் எடை தடுப்பின் மீது இறங்க வேண்டும், விளிம்பின் மீது அல்ல. பெரும்பாலும் வீணாகக் கிடப்பது மேல் மூடிக்கும் கடைசி அடுக்குக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான். அதை எடுத்தால் பெட்டி சிறிதாவதோடு உறுதியும் பெறும்.

மாற்றிய பெட்டியைச் சோதிக்காமல் ஒப்புதல் தராதீர்கள். பொதிகளைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.டி.ஏ. 1ஏ முறையில், 11 கிலோ பெட்டியை ஏறத்தாழ 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு முனை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம் எனப் பத்து முறை விழவிட வேண்டும். அதிர்வுச் சோதனை தனி. ஆய்வகத்துக்கு அனுப்ப நேரமில்லையென்றால் இந்தப் பத்து வீழ்ச்சிகளையேனும் தொழிற்சாலைத் தரையில், உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். பிறகு பெட்டியைத் திறந்து 48 குவளைகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். உடைந்தவற்றை மட்டும் எண்ணினால் போதாது, முடியிழை விரிசல் விட்டவற்றையும் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தேதியோடும் படத்தோடும் எழுதி உங்கள் கோப்பில் வைத்துவிட்டு, பிறகு மேலாளரிடம் செல்லுங்கள்.